பேக்கப் சர்வர்னா என்ன, வீட்டுப் பரணா?

பொட்டி தட்டி வயித்தைக் கழுவுற நம்ம கூட்டத்துக்கு ஒரு வியாதி இருக்கு மக்களே. புரொடக்‌ஷன் சர்வர்ல ஒரு வரி மாத்தணும்னா மூணு பேர் ஒப்புதல், ரெண்டு மீட்டிங், ராத்திரி பதினொரு மணிக்கு மேல தான் கை வைக்கணும். அதே ஆளுங்க பேக்கப் சர்வர்னு வந்துட்டா, மத்தியானம் சாப்பிட்டு வந்த தூக்கக் கலக்கத்துல, முன்னப்பின்ன தெரியாத எவனோ எழுதின வரியை நெட்லேர்ந்து காப்பி பண்ணி ரூட்டா ஓட்டுவாங்க. ஏன்யான்னு கேட்டா ஒரே பதில்: "அட, பேக்கப் சர்வர் தானே பாஸ்!"

அந்த "தானே"வோட தான் எனக்குச் சண்டை. இந்தப் பதிவு முழுக்க அதே சண்டை தான். சாந்த சொரூபிகள் இப்பவே அப்பீட் ஆயிக்கலாம் :-)

மேட்டருக்கு வர்றேன். லினக்ஸ் பொட்டில மென்பொருள் எங்கேர்ந்து வரணும்னு ஒரு பட்டியல் இருக்கும். டெபியன் வகையறால சோர்சஸ்.லிஸ்ட், ரெட்ஹேட் வகையறால யம் ரெபோ ஃபைல்கள். ஆப்ட் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தான் பேக்கேஜை இறக்கும். இறக்கிட்டு சும்மா ஃபைலை வெச்சுட்டுப் போயிடாது. ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளயும் ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட்னு சின்ன ஸ்கிரிப்டுகள் இருக்கலாம். அதுங்க ஓடறது ரூட்டா. கேள்வி கேட்காது, அனுமதி கேட்காது.

அப்போ அந்தப் பட்டியல்ல ஒரு வரி சேர்க்கிறதுன்னா என்ன அர்த்தம்? சாஃப்ட்வேர் போடறோம்னு நாம நினைச்சுக்கறோம். நடக்கிறது வேற. வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் அடிச்சு அடுத்தவன் கையில குடுக்கறோம். இன்னிக்கு ஒரு நாளைக்கு இல்ல, அந்த வரி அங்க இருக்கிற வரைக்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அவன் உள்ள வந்துட்டுப் போவான்.

இதே சாவியை பேக்கப் சர்வருக்குக் குடுத்தா என்ன ஆகும்? அங்க தான் அக்கவுன்ட்ஸ் டேட்டாபேஸ், ஹெச்.ஆர். மெயில், எல்லா வெர்ச்சுவல் மெஷினும் காப்பியா உக்காந்திருக்கு. பத்து வீட்டு நகையும் ஒரே அடகுக்கடைல இருக்கிறப்ப, எந்தத் திருடனாவது பத்து வீட்டுச் சுவரும் ஏறிக் குதிப்பானா? நாம என்னடான்னா பத்து வீட்டுக்கும் இரும்புக் கதவு போட்டுட்டு, அடகுக்கடைக்கு மட்டும் கொடிக்கயித்தைக் கட்டி வெச்சிருக்கோம்.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. 2023 ஆகஸ்ட்ல டென்மார்க்குல கிளவுட்நார்டிக்னு ஒரு ஹோஸ்டிங் கம்பெனி மேல ரான்சம்வேர் தாக்குதல். சர்வர்களோட நிக்கல, முதல் பேக்கப், ரெண்டாவது பேக்கப் எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டிட்டானுங்க. வாடிக்கையாளர்கள்ல பெரும்பாலானவங்களோட டேட்டா மொத்தமா போச்சுன்னு அந்தக் கம்பெனியே அறிவிச்சது. 2024 செப்டம்பர்ல வீம் பேக்கப் மென்பொருள்ல ஒரு பெரிய ஓட்டைக்கு ஒட்டுப் போட்டாங்க (சிவிஇ-2024-40711). அடுத்த மாசமே அகிரா, ஃபாக் ரான்சம்வேர் கும்பல்கள் அந்த ஓட்டை வழியா உள்ள போறாங்கன்னு சோஃபோஸ்காரங்க சொன்னாங்க. ஒட்டு வந்தாச்சு, போடாதவன் மாட்டினான். ஆக, பேக்கப் பொட்டிக்கு அப்டேட் எங்கேர்ந்து வருது, வருதா வரலையாங்கிறது வாழ்வா சாவா சமாச்சாரம்.

இப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்ச பொட்டிக்கு வர்றேன். பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். 2020 நவம்பர்ல 1.0 வந்தது. டெபியன் மேல உக்காந்திருக்கிற அருமையான சமாச்சாரம், நான் இதோட ரசிகன்னே வெச்சுக்கங்க. இதுக்கு மூணு ரெபோ. என்டர்பிரைஸ் (காசு கட்டி சந்தா வாங்கினவங்களுக்கு), நோ-சப்ஸ்கிரிப்ஷன் (இலவசம், ஆனா புரொடக்‌ஷனுக்கு நாங்க பரிந்துரைக்கலன்னு அவங்களே எழுதியிருக்காங்க), அப்புறம் டெஸ்ட் (பேரே சொல்லுது). இன்ஸ்டால் பண்ணின உடனே என்டர்பிரைஸ் ரெபோ தான் ஆன்ல இருக்கும். சந்தா இல்லாம ஆப்ட் அப்டேட் அடிச்சா மூஞ்சில அடிக்கிற மாதிரி 401 அன்ஆதரைஸ்டு.

இந்த 401க்கு அப்புறம் நம்மாளுங்க பண்ற கூத்து இருக்கே, அதைப் பத்தி எழுதத் தான் உக்காந்தேன்.

முதல் கோஷ்டி, அதை அப்படியே விட்டுடும். தினமும் எர்ரர் மெயில் வரும், அதுக்கு ஒரு ஃபில்டர் போட்டு தனி ஃபோல்டருக்கு அனுப்பிடுவாங்க. அப்டேட் முடிஞ்சாத் தான் அப்கிரேடுன்னு ரெண்டையும் சேர்த்து ஸ்கிரிப்ட் எழுதியிருந்தா, முதல் பாதி எர்ரர்னதும் ரெண்டாவது பாதி ஓடவே ஓடாது. மாசக்கணக்குல பொட்டி அப்படியே கிடக்கும். ஆனா ஒண்ணு, இவங்க பரவாயில்ல. கதவு உடைஞ்சிருக்குன்னு கத்திக்கிட்டாவது இருக்கும்.

ரெண்டாவது கோஷ்டி தான் டேஞ்சர். எரிச்சலா இருக்குன்னு என்டர்பிரைஸ் வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டு அணைச்சுடுவாங்க. பதிலுக்கு நோ-சப்ஸ்கிரிப்ஷன் வரியைச் சேர்க்க மாட்டாங்க. இப்ப ஆப்ட் அப்டேட் அடிச்சா ஒரு எர்ரரும் இல்ல, சும்மா ஜம்முனு ஓடும். டெபியன்லேர்ந்து செக்யூரிட்டி அப்டேட் எல்லாம் வரும். ஓபன்எஸ்எஸ்எல் ஏறுது, எஸ்எஸ்ஹெச் ஏறுது, ஆஹா நம்ம பொட்டி சூப்பர்னு தோணும். ஆனா அந்தப் பொட்டில ஓடற கெர்னல் டெபியனோடது இல்ல, பிராக்ஸ்மாக்ஸ்காரங்க உபுன்டு கெர்னல்லேர்ந்து கட்டித் தர்றது. பேக்கப் சர்வீஸும் அவங்களோடது. ரெண்டும் வர்ற வழியை நீங்களே அடைச்சாச்சு. ஆக, கெர்னலும் பேக்கப் டீமனும் இன்ஸ்டால் பண்ணின நாள்ல உறைஞ்சு நிக்குது, சுத்தி இருக்கிற சில்லறை மட்டும் புதுசாகிட்டே இருக்கு. கார்ல எஞ்சினையும் பிரேக்கையும் விட்டுட்டு சீட் கவர் மட்டும் மாத்தற சர்வீஸ் சென்டர் மாதிரி. வெப் இன்டர்ஃபேஸ்ல ரெபாசிட்டரிஸ்னு ஒரு பக்கமே இருக்கு, பிராக்ஸ்மாக்ஸ் ரெபோ எதுவும் ஆன்ல இல்ல, அப்டேட் வராதுன்னு அதுல எச்சரிக்கையும் காட்டும். யாரு சாமி அந்தப் பக்கத்தைத் திறக்கிறா?

மூணாவது கோஷ்டி. லாகின் பண்ணினா சந்தா இல்லன்னு ஒரு பாப்-அப் வரும் பாருங்க, அது இவங்க கண்ணை உறுத்தும். அதை எடுக்க நெட்ல ஆயிரத்தெட்டு ஸ்கிரிப்ட் கிடைக்கும். கர்ல் பண்ணி நேரா பாஷ்ல ஊத்து, ரூட்டா. யோசிச்சுப் பாருங்கய்யா. கம்பெனி மொத்தத்தோட காப்பியும் இருக்கிற பொட்டில, ஒரே ஒரு ஓகே பட்டனை அமுக்கற சிரமத்தை மிச்சம் பண்ண, முகம் தெரியாத ஆளோட ஸ்கிரிப்டை ரூட்டா ஓட்டறாங்க. அது இன்னிக்கு நல்ல ஸ்கிரிப்டாவே இருக்கட்டும், அதை எழுதினவர் தங்கமான மனுஷனாவே இருக்கட்டும். நாளைக்கு அதே முகவரில வேற ஸ்கிரிப்ட் இருந்தா?

"அப்ப காசு கட்டித் தான் ஆகணும்கிறியா, நீ என்ன அவங்க ஏஜென்டா?"ன்னு ஒரு குரல் கேக்குது. இல்லீங்க. வீட்டுல என் பழைய டெஸ்க்டாப்ல ஓடறது நோ-சப்ஸ்கிரிப்ஷன் தான், சந்தோஷமா ஓடுது. சோதிக்க ஆள் இருக்கிற ஆபீஸ்ல கூட அதை வெச்சு ஓட்டலாம்: முதல்ல ஒரு டம்மி பொட்டில ஏத்தணும், ஒரு வாரம் பாக்கணும், ஒரு ரீஸ்டோர் பண்ணிப் பாக்கணும், அப்புறம் நிஜப் பொட்டி. அந்த ஒரு வார வேலையைத் தான் என்டர்பிரைஸ் ரெபோல காசு வாங்கிட்டு அவங்க பண்றாங்க. இந்த ஆணியை நீங்க புடுங்கணும், இல்ல அவங்களுக்குக் காசு குடுத்துப் புடுங்கச் சொல்லணும். ரெண்டும் மாட்டேன்னு சொல்றதுக்குப் பேரு சிக்கனம் இல்ல. ஆட்டோ ஷோரூமுக்குக் கண்ணாடிச் சுவரு, வாசல்ல செயற்கை நீர்வீழ்ச்சின்னு செலவு பண்ற கம்பெனி, பேக்கப் சர்வருக்கு ஒரு சந்தா கேட்டா "பட்ஜெட் இல்ல தம்பி"ங்குது. இத்தனைக்கும் பிராக்ஸ்மாக்ஸ்ல வெர்ச்சுவலைசேஷன் பொட்டிக்குத் தான் சிபியு சாக்கெட் கணக்கு, பேக்கப் சர்வருக்கு ஒரு பொட்டிக்கு ஒரு சந்தா, அவ்ளோ தான்.

சரி, அடுத்த கொடுமை. கையெழுத்து.

ஆப்ட் எப்படி நம்புதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன், அழகான ஏற்பாடு அது. ரெபோல இன்ரிலீஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அது டிஜிட்டல் கையெழுத்து போட்டது. அதுக்குள்ள பேக்கேஜஸ் பட்டியலோட ஹேஷ் இருக்கும். அந்தப் பட்டியலுக்குள்ள ஒவ்வொரு பேக்கேஜோட ஹேஷ் இருக்கும். ஒரு சங்கிலி. நடுவுல எவன் கை வெச்சாலும் சங்கிலி அறுந்துடும், ஆப்ட் கத்தும். டெபியன் மிரர்கள் சாதா ஹெச்டிடிபில இத்தனை வருஷமா தைரியமா ஓடறதுக்கு இந்தச் சங்கிலி தான் காரணம்.

நம்மாளு என்ன பண்றான்? கீ எர்ரர் வந்தா அதுக்கு வைத்தியம் 'ட்ரஸ்டட்=யெஸ்'. ரெட்ஹேட் பக்கம் போனா 'ஜிபிஜிசெக்=0'. ஒரு சொல்லுல மொத்தச் சங்கிலியும் க்ளோஸ். அந்த ரெபோவோட டொமைனை நடத்தினவர் புதுப்பிக்காம விட்டு, நாளைக்கு வேற ஒருத்தர் அந்தப் பேரை வாங்கினார்னு வைங்க. கையெழுத்தையும் கேக்காத, கேள்வியும் கேக்காத உங்க பேக்கப் சர்வரோட ரூட் அவருக்கு இலவச இணைப்பு.

கீயைச் சரியாச் சேர்த்துட்டேன் பாஸ்னு சொல்றவங்களுக்கும் ஒரு கேள்வி. எங்க சேர்த்தீங்க? பழைய ஆப்ட்-கீ கமாண்டால சேர்த்திருந்தா, அந்தக் கீ பொதுச் சாவிக்கொத்துல போய் உக்காரும். அதுல இருக்கிற எந்தக் கீயும் எந்த ரெபோவுக்கும் செல்லும். கலர் பிரிண்டர் டிரைவர் ரெபோக்காரன் கீ, டெபியன் பேருக்கே கையெழுத்துப் போடலாம். அதனால தான் ஆப்ட்-கீயை ஓரங்கட்டி, 'சைன்டு-பை'ன்னு ஒவ்வொரு ரெபோவுக்கும் அதோட கீயை மட்டும் கட்டி வைக்கிற முறை வந்தது. டெபியன் 12 தான் ஆப்ட்-கீ இருந்த கடைசி வெளியீடு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல அந்தக் கமாண்டே கிடையாது. பழைய ஒற்றை வரியெல்லாம் புது .சோர்சஸ் வடிவத்துக்கு மாத்த 'ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்'னு ஒரு கமாண்டே குடுத்திருக்காங்க. பத்து வருஷப் பழைய பதிவைப் பார்த்து இன்னமும் ஆப்ட்-கீன்னு தட்டிக்கிட்டிருக்கிற அண்ணன்மார்களுக்கு இது காணிக்கை.

இதோட முடியல. சைன்டு-பை போட்டும் ஒரு வில்லங்கம் பாக்கி. அந்த மூணாவது ஆளோட ரெபோ, ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்ங்கிற பேர்லயே ஒரு பேக்கேஜை, டெபியனை விடப் பெரிய வெர்ஷன் நம்பரோட வெச்சா? ரெண்டு ரெபோவுக்கும் இயல்பான முன்னுரிமை 500. சமமா இருந்தா ஆப்ட் பெரிய நம்பரை எடுத்துக்கும். உங்க எஸ்எஸ்ஹெச் சத்தமில்லாம கைமாறிடும். இதுக்குத் தான் பின்னிங். அந்த ரெபோவுக்கு மொத்தமா மைனஸ் முன்னுரிமை, தேவையான ஒரே ஒரு பேக்கேஜுக்கு மட்டும் 500. நாலஞ்சு வரி தான். இதை எழுதி வெச்சிருக்கிற பேக்கப் சர்வரை நான் என் சர்வீஸ்ல ரெண்டு தடவை தான் பார்த்திருக்கேன்.

பார்த்ததுல உச்சம் ஒண்ணு சொல்றேன். ஒரு கம்பெனி, பேரு வேணாம். பேக்கப் பொட்டில ஒன்பது வெளி ரெபோ. ஜாவாவுக்கு ஒண்ணு, நோட்ஜேஎஸ்ஸுக்கு ஒண்ணு, மானிட்டரிங் ஏஜென்ட் ரெண்டு (ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு மாறினப்ப பழசை எடுக்கல), இப்படிப் போகுது. நடுவுல வீடியோ கோடெக் ரெபோ! பேக்கப் சர்வர்ல எதுக்கு சாமி வீடியோ கோடெக்னு கேட்டேன். எப்பவோ செக்யூரிட்டி ஆபீசர் சிசிடிவி ஃபைலை அங்கேயே ஓட்டிப் பாக்கணும்னு சொன்னாராம். அந்த ஆபீசர் ரிட்டயர்டு, ரெபோவைச் சேர்த்த பையன் இப்ப வேற நாட்டுல. சாவி மட்டும் இன்னும் வெளில சுத்திக்கிட்டிருக்கு. வீட்டுப் பரண்னு தலைப்பு வெச்சது இதனால தான். உடைஞ்ச குடை, பழைய தொட்டில், எதுக்கும் இருக்கட்டும்னு போட்டு வெச்ச தகர டப்பா.

இதுக்கு நேர் எதிர் கோஷ்டியும் உண்டு. "ஓடற பொட்டில கை வைக்காதே." அப்டேட்டே பண்ண மாட்டாங்க. சென்ட்ஓஎஸ் 8 ஆயுசு 2021 டிசம்பர் 31ஓட முடிஞ்சது. சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30. மிரர்லிஸ்ட் முகவரி போனதும் யம் எர்ரர் அடிக்க ஆரம்பிச்சது. உடனே நெட்ல ஒரு ஒற்றை வரி செட் கமாண்ட் சுத்துச்சு, மிரர்லிஸ்டை எடுத்துட்டு வால்ட்னு மாத்துங்கன்னு. மாத்தினதும் யம் அப்டேட் அடிச்சா "நத்திங் டு டூ". அப்பாடா, சரியாயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க. ஐயா, வால்ட்னா பழைய சரக்கைப் பத்திரமா வெச்சிருக்கிற பெட்டகம். அங்க புது ஒட்டு எதுவும் வராது. செய்ய ஒண்ணும் இல்லன்னு அது சொல்றது, இனிமே செய்ய ஆளே இல்லங்கிற அர்த்தத்துல. வேற பொட்டிக்குக் குடி போறதுக்கு முன்னாடி ஒரு பேக்கேஜ் எடுக்க வால்ட் உதவும், ஒத்துக்கறேன். அங்கேயே குடித்தனம் நடத்தறது தான் கேவலம்.

இந்தக் கோஷ்டி கையில ஒரு நல்ல ஆயுதம் இருக்கு, மறைக்க மாட்டேன். எக்ஸ்இசட். 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு புரோகிராமர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் யாரோ திட்டம் போட்டுப் புகுத்தின பின்வாசலைக் கண்டுபிடிச்சார். "பாத்தியா, அப்டேட் பண்ணவன் தான் மாட்டினான்"ம்பாங்க. பாதி உண்மை. டெபியன் அன்ஸ்டேபிளும் டெஸ்டிங்கும் வெச்சிருந்தவன் மாட்டினான், ஃபெடோரா ராஹைட் வெச்சிருந்தவன் மாட்டினான். டெபியன் ஸ்டேபிளுக்கு அது வந்து சேரவே இல்ல. அப்ப இந்தக் கதை அப்டேட்டுக்கு எதிரா பேசலீங்க, எந்த ரெபோலேர்ந்து அப்டேட்ங்கிறதைப் பத்திப் பேசுது. புத்தம் புது வெர்ஷன் வேணும்னு பேக்கப் சர்வர்ல டெஸ்டிங் வரியைச் சேர்க்கிற ஆர்வக்கோளாறுகளுக்கு எதிரா நான் சொல்ல வேண்டியதை இவங்களே எடுத்துக் குடுக்கறாங்க. ஸ்டேபிள், அதோட செக்யூரிட்டி, முடிஞ்சது.

செக்யூரிட்டி வரின்னதும் ஞாபகம் வருது. டெபியன் 10 வரைக்கும் அதோட பேரு 'பஸ்டர்/அப்டேட்ஸ்'. டெபியன் 11ல 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி'னு மாத்திட்டாங்க. பஸ்டரை புல்ஸ்ஐன்னு கண்ணை மூடிக்கிட்டு மாத்தினவங்களுக்கு இல்லாத ஊருக்கு வழி. அந்த எர்ரரை நிறுத்த செக்யூரிட்டி வரியவே அணைச்சு வெச்ச மகானுபாவரையும் எனக்குத் தெரியும். சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

பாதுகாப்பை விடுங்க. திருடனே இல்லாத உலகம்னு வெச்சுக்குவோம். அங்கேயும் ரெபோ செட்டிங் சொதப்பினா பேக்கப் செத்துடும். 2017 ஜனவரி 31, கிட்லாப். ராத்திரி வேலைல ஒரு எஞ்சினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சுட்டார். சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா காலி. ஏன்? டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்க ஓடினது 9.2 பிஜிடம்ப். வெர்ஷன் ஒத்து வராம தினமும் ஃபெயில். அந்த ஃபெயில் மெயில்களும் டிமார்க் பிரச்சினைல போய்ச் சேரவே இல்ல. ஏதோ ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சாங்க. அப்படியும் ஏறக்குறைய 5,000 ப்ராஜெக்ட்டும் 700 யூசர் அக்கவுன்ட்டும் பாதிப்பு. இத்தனையையும் மறைக்காம அவங்களே எழுதி வெளியிட்டாங்க, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். எந்த வெர்ஷன் டூல் அந்தப் பொட்டில இருக்குங்கிற ஒரே விஷயம் எங்க கொண்டு போய் விட்டது பாருங்க.

ரெஸ்டிக்லயும் இதே கதை வரலாம். 2022ல வந்த 0.14ல கம்ப்ரெஷனுக்காக புது ஃபார்மட் வந்தது. டெபியன் 11ல இருந்தது 0.11. புது ஃபார்மட்ல எழுதினதை அதால படிக்க முடியாது. பேக்கப் எடுக்கிற பொட்டில வெளி ரெபோலேர்ந்து புதுசு, ரீஸ்டோர் பண்ற பொட்டில பழசு. ரெண்டுக்கும் எது எங்கேர்ந்து வருதுன்னு யாரும் எழுதி வெக்கலன்னா, தீ பிடிச்ச அன்னிக்குத் தான் தெரியும். அன்னிக்கு நெட்டும் இருக்குமாங்கிறது வேற. அதுக்காகவே பிராக்ஸ்மாக்ஸ்ல ஆஃப்லைன் மிரர்னு ஒரு டூல் குடுத்திருக்காங்க, ரெபோவை அப்படியே ஒரு டிஸ்க்ல எடுத்து வெச்சுக்கலாம்.

"கிளையண்டுக்கெல்லாம் டேட்டாஸ்டோர்பேக்கப் ரோல் மட்டும் தான் குடுத்திருக்கோம், யாரும் பழைய பேக்கப்பை அழிக்க முடியாது"ன்னு ஒருத்தர் பெருமையாச் சொன்னார். நல்ல ஏற்பாடு தான். ஆனா அந்த விதியெல்லாம் ஏபிஐ வழியா வர்றவனுக்கு. ரெபோ வழியா ரூட்டா வர்றவன் டிஸ்க்கையே துடைச்சுட்டுப் போவான், ரோலாவது ஒண்ணாவது.

படிச்சு முடிச்ச கையோட ஒரு வேலை பண்ணுங்க. உங்க பேக்கப் பொட்டில 'ஆப்ட் பாலிசி'ன்னு மட்டும் அடிங்க, பேக்கேஜ் பேரு எதுவும் வேணாம். ரெபோ எல்லாம் வரிசையா முன்னுரிமை நம்பரோட வரும். ஒவ்வொண்ணுக்கும் யாரு சேர்த்தது, எதுக்குன்னு பக்கத்து சீட்டுக்காரரைக் கேளுங்க. பதில் வராத வரியை அணைங்க. அணைச்சா மட்டும் போதாது, அதுலேர்ந்து ஏற்கெனவே வந்த பேக்கேஜ் அனாதையா உள்ளேயே கிடக்கும், அப்டேட்டும் வராது. 'ஆப்ட் லிஸ்ட்'ல அப்சொலீட்னு தேடினா அதுங்க தலை தெரியும், பார்த்துப் பார்த்துக் கழட்டுங்க.

எங்க பொட்டில போன வாரம் எண்ணினேன். டெபியன், பிராக்ஸ்மாக்ஸ். ரெண்டே ரெண்டு பேரு. உங்களதுல எத்தனை?

பி.கு: ஒன்பதுல எட்டை எடுத்தாச்சு. வீடியோ கோடெக்கை மட்டும் எடுக்க விட மாட்டேங்கறாங்க. புது செக்யூரிட்டி ஆபீசருக்கும் சிசிடிவி பாக்கணுமாம். அவ்வ்வ்வ்...